வால்வு இடைவெளியை வீட்டு முற்றத்திலேயே சரிசெய்வோம்

எமது ஊர்களில் இன்னமும் சில வீடுகளில், கிடுகுக் கொட்டிலுக்குள் ஒரு பழைய கார் நிற்கிறது. மொரிஸ் மைனராக இருக்கும், அல்லது ஒஸ்டின் ஆக இருக்கும். ஓட்டியவர் இல்லை. வீட்டுக்காரப் பெண்ணிடம் திறப்பு மட்டும் உண்டு. கடைசியில் ஒருநாள் இரும்பு வியாபாரி படலையைத் தட்டுகிறார்.

காரைநகரில் நான் சந்தித்த சகோதரி ஒருவருக்கும் இதே நிலைதான். கணவர் வாடகைக்கு ஓட்டிய மொரிஸ் மைனர் அது. ஸ்ரார்ட் ஆவதற்குச் சிரமப்பட்டது, ஓடினாலும் இழுவை இல்லை. "எஞ்சின் முடிஞ்சுது அக்கா, இரும்பு விலைக்குத்தான் போகும்" என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். விற்பதற்கு முதல்நாள், தொழிலை விட்டுவிட்ட ஒரு வயோதிப மெக்கானிக் வந்து எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தார். இரண்டு வால்வுகளுக்கு இடைவெளியே இருக்கவில்லை. பழுது அவ்வளவுதான். அரைநாள் வேலை, உதிரிப்பாகமாகத் தேவைப்பட்டது ஒரு தக்கை காஸ்கற் மட்டுமே. அந்த வேலையை அவர் செய்து கொடுக்கவில்லை, அவரையே செய்ய வைத்தார். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எஞ்சினுக்குள் எரிபொருள் கலந்த காற்று நுழைய ஒரு வாசல், புகை வெளியேற ஒரு வாசல். அந்த வாசல்களின் கதவுதான் வால்வு. நான்கு சிலிண்டருக்கு எட்டு வால்வுகள். ரொக்கர் எனப்படும் சிறு கை ஒவ்வொன்றையும் அழுத்தித் திறக்கும், ஸ்பிரிங் இழுத்து மூடும். சூடேறினால் உலோகம் நீளும். ஆகவே ரொக்கருக்கும் வால்வின் தலைக்கும் இடையே மயிரிழை இடைவெளி விட்டிருப்பார்கள். அது கூடினால் 'டக் டக்' என்று சத்தம் வரும். குறைந்தால் சத்தம் வராது. ஆனால் வால்வு முழுதாக மூடாது. புகை வால்வு தன் சூட்டை இருக்கையோடு ஒட்டியிருக்கும்போதுதான் இறக்கும். ஒட்டாவிட்டால் கருகிவிடும். "சத்தம் கேட்டாப் பயமில்லைப் பிள்ளை, கேக்காட்டித்தான் பயப்பட வேணும்" என்றார் அந்த ஐயா.

எமது கார்கள் பட்ட பாட்டையும் சொல்லத்தான் வேண்டும். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. சிறு போத்தலில் வைத்திருந்த சில துளி பெற்றோலை விட்டு ஸ்ரார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடினோம். நோயாளரை ஏற்றியதும் பிணத்தை ஏற்றியதும் அப்படித்தான். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்குச் சனம் நகர்ந்தபோதும் இவ்வாறான கார்கள் கூட்டத்தோடு ஊர்ந்தன. மண்ணெண்ணெய் முழுதாக எரிவதில்லை. வால்விலே கரி படியும். எரியாதது வழிந்து என்ஜின் ஒயிலையும் ஐதாக்கும். அத்தனைக்கும் பிறகும் இவை ஓடுகின்றன என்றால், அமைப்பு எளிமையானது என்பதே காரணம். எளிமையானதை யாரும் கற்கலாம்.

இனி வேலை. எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும்; முதல்நாள் இரவே நிறுத்திவிடுங்கள். கியரை நியூட்ரலில் விட்டு, ஹாண்ட் பிரேக் போட்டு, சில்லுக்குக் கல் வையுங்கள். பற்றரி வயரைக் கழற்றுங்கள். நான்கு பிளக்குகளையும் கழற்றினால் எஞ்சின் இலகுவாகச் சுற்றும். வயர்கள் மாறாதபடி அடையாளம் கட்டி வையுங்கள். மேல்மூடியின் இரண்டு நட்டுகளைக் கழற்றி மூடியை எடுத்தால், எட்டு ரொக்கர்களும் வரிசையாகத் தெரியும்.

ரேடியேற்றர் பக்கமிருந்து ஒன்று முதல் எட்டு வரை எண்ணிக்கொள்ளுங்கள். முன்பக்க ஹாண்டிலால் எஞ்சினை மெதுவாகச் சுற்றுங்கள். எந்த வால்வு முழுதாக அமிழ்ந்து நிற்கிறதோ, அதன் இலக்கத்தை ஒன்பதிலிருந்து கழியுங்கள். வருகிற இலக்கத்து வால்வைத்தான் இப்போது பார்க்க வேண்டும். எட்டாவது அமிழ்ந்தால் ஒன்றாவது. ஆறாவது அமிழ்ந்தால் மூன்றாவது. எட்டையும் இப்படியே முடிக்கலாம். கணக்குப் பாடம் பிடிக்காத பெண்களும் இந்தக் கழித்தலை மறப்பதில்லை!

அளப்பதற்கு பீலர் கேஜ் வேண்டும். விசிறிபோல விரியும் மெல்லிய உருக்குத் தகடுகள் அவை. யாழ்ப்பாணத்தில் வாகன உதிரிப்பாகக் கடைகளில் கேளுங்கள். மொரிஸ் மைனர் 1000க்கு, உள்வால்வு புகைவால்வு இரண்டுக்குமே அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு, அதாவது ஏறத்தாழ 0.30 மில்லிமீற்றர். வேறு வாகனமென்றால் அதன் கைந்நூலில் உள்ள அளவையே எடுங்கள். அயல்வீட்டார் சொல்லும் அளவை எடுக்காதீர்கள். தகட்டை இடைவெளிக்குள் விட்டு இழுக்கும்போது, பாரமான புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு தாளை உருவுவதுபோல மெல்லிய பிடிப்பு இருக்க வேண்டும். இறுக்கமானால் பூட்டு நட்டை ஸ்பனரால் தளர்த்தி, நடுவிலுள்ள திருகாணியைத் திருப்புளியால் சற்றே திருப்புங்கள். திருகாணியைப் பிடித்தபடியே நட்டை இறுக்கி, மறுபடி அளந்து பாருங்கள். இறுக்கும்போது அளவு நகர்ந்துவிடும். பலர் பிழைவிடும் இடம் இதுதான்.

பெண்ணுக்கு இது சரிவருமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். இரண்டாம் உலகப் போரின் இறுதியாண்டான 1945இல், பிற்காலத்தில் பிரித்தானிய மகாராணியான எலிசபெத், பெண்கள் படைப்பிரிவில் வாகனம் ஓட்டவும் திருத்தவும் பயின்றார். இளவரசியின் கையில் கிறீஸ் படலாம் என்றால், குடும்பத்தைத் தனித்துத் தாங்கும் எமது பெண்ணின் கையில் படுவதற்கு என்ன தடை? கராஜில் போய் நிற்கும் பெண்ணிடம் கேட்கப்படும் கூலியும், ஆணிடம் கேட்கப்படும் கூலியும் எப்போதும் ஒன்றல்ல. பழுது என்னவென்று தெரிந்தவரிடம் கூட்டிச் சொல்வது கடினம். வேலையை நாம் செய்யாவிட்டாலும், தெரிந்திருப்பது காசுதான்.

முடிவில் புதிய காஸ்கற் வைத்து மூடியைப் பூட்டுங்கள். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் தக்கை நசிந்து ஒயில் ஒழுகும். ஸ்ரார்ட் செய்து பத்து நிமிடம் விட்டு, மூடியின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். காரைநகர் போன்ற கடற்காற்று ஊர்களில் பொனற்றுக்கு அடியில் துரு விரைவில் பிடிக்கும். நட்டுகளுக்குத் துளி எண்ணெய் விட்டு வையுங்கள். சரிசெய்த பிறகும் இழுவை வரவில்லை என்றால் வால்வு ஏற்கனவே கருகியிருக்கும். அப்போது சிலிண்டர் தலையைக் கழற்றி வால்வு அரைக்க வேண்டும். அதற்கு ஆள் பிடிக்கத்தான் வேண்டும்.

அந்தச் சகோதரியின் கார் அவ்வளவுக்குப் போகவில்லை. மார்கழித் திருவாதிரைக்கு ஈழத்துச் சிதம்பரம் வந்த வெளிநாட்டு உறவுகளை, பொன்னாலைப் பாலத்தால் அவரே ஏற்றி இறக்கினார். ஆறு மாதத்துக்கொருமுறை மூடியைக் கழற்றி அளக்கிறார். திகதியைக் கொட்டில் கப்பில் கரியால் எழுதி வைக்கிறார்.