புழுக்கையில் பூக்கும் கிண்ணங்கள்

மாடு போடுவது சாணம், ஆடும் முயலும் போடுவது புழுக்கை, யானையும் குதிரையும் போடுவது இலத்தி, கழுதை போடுவது விட்டை என்று பிராணிக்குப் பிராணி பெயரை மாற்றி வைத்த நம் முன்னோர் அதைச் சொல்லழகுக்காகச் செய்தார்களோ, எருக்குழிக் கணக்குக்காகச் செய்தார்களோ, அறியேன். ஆனால் இந்த வேற்றுமையை நம்மைவிடச் சிரத்தையாகப் பாராட்டுகிற ஒரு சிறு கூட்டம் பிரிட்டனில் உண்டு. ஸ்காட்லாந்தின் புல்மேடுகளில் குனிந்த தலை நிமிராமல் நடந்து, முயல் புழுக்கையைத் தனியாகவும் மான் புழுக்கையைத் தனியாகவும் ஆட்டுப் புழுக்கையைத் தனியாகவும் காகித உறைகளில் பொறுக்கிச் சேர்க்கிற அவர்களுக்கு எரு ஒரு பொருட்டன்று; அதன்மேல் இனி முளைக்கப்போகிற கிண்ணக் காளான்களே அவர்கள் நாடுவது.

கிண்ணம் என்றதும் கைக்கு அடங்குகிற ஒன்றை எண்ணிவிடக் கூடாது. ஈரமான மாட்டுச் சாணத்தின்மேல் ஆரஞ்சு நிற மணிகளை நெருக்கிப் பதித்தாற்போல் காணும் கைலிமேனியா கிரானுலேட்டா வெறுங் கண்ணுக்குத் தெரிகிறதென்றால் அது இந்தக் குலத்தில் பெரிய இடத்துப் பிள்ளை. மற்றவற்றுள் பல ஒரு மில்லிமீட்டர் அகலமும் இல்லாதவை. ஆயினும் அந்த அற்பப் பரப்பிலே நெருக்கமாக நிற்கும் நுண்ணிய குழல்களில், பெரும்பாலும் குழலுக்கு எட்டாக, வித்துகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. முதிர்ந்தவுடன் குழலின் நுனியிலுள்ள மூடி திறந்துகொள்ள, உள்ளிருக்கும் அழுத்தம் வித்துகளை வெளியே வீசுகிறது. மேயும் பிராணிகள் தம் எருவுக்கு அருகிலுள்ள புல்லில் வாய் வைக்கத் தயங்குமாதலால், வித்து எட்டிப் போய் விழுந்தால்தான் பிழைக்கும். அஸ்கோபோலஸ் இம்மெர்சஸ் என்னும் இனம் தன் எட்டு வித்துகளையும் பசையால் ஒன்றாய்ப் பிணைத்து ஒரு முழத்துக்கும் அப்பால் எறிய வல்லது. புல்லில் ஒட்டிய வித்து இரைப்பையையும் குடலையும் கடந்து, புதிய எருவோடு வெளிவந்து முளைக்கிறது; அந்தப் பிரயாணம் இல்லாமல் இவற்றில் பல முளைப்பதே இல்லை.

ஆதலால் காளானைத் தேடி அலைய வேண்டுவதில்லை. அது உறைக்குள்ளேயே உறங்குகிறது. மூடியுள்ள பெட்டியில் ஒற்றுத்தாளை நனைத்துப் பரப்பி, புழுக்கைகளை அதன்மேல் வைத்து, வெளிச்சம் படும் ஜன்னலோரத்தில் விட்டுவிட்டால், விருந்தினர் வரிசையாக வருவார்கள்: முதலில், சில நாட்களிலேயே, பைலோபோலஸ் முதலான பூஞ்சைகள் கண்ணாடித் தண்டுகளை நீட்டும், பிறகு கிண்ணங்கள், வாரங்கள் கழித்துக் குடைக் காளான்கள். நாள்தோறும் பார்க்காதவன் ஒரு கட்டத்தையே தவறவிடுவான். உலர்ந்த புழுக்கையோ மாதக்கணக்கில் காத்திருந்து, நீர் பட்டதும் எழுந்துவிடும். இத்தனை பொறுமையுள்ள மாதிரி வேறெந்த சாஸ்திரத்துக்கும் வாய்த்திருக்கிறதா என்பது எனக்குச் சந்தேகமே.

பெயரை நிர்ணயிப்பதில்தான் உண்மையான சிரமமும் சுவையும் இருக்கின்றன. நிறம் ஏமாற்றும்; அளவு ஏமாற்றும். விளிம்பில் விறைத்த கூர்மயிர் நின்றால் லாசியோபோலஸ் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். மயிரற்ற மஞ்சள் பொட்டுகளை வைத்துக்கொண்டு சூட்சுமதரிசினி இல்லாமல் யாரும் எதுவும் சொல்ல இயலாது. அங்கே ஒரு துளி அயோடின் கரைசல் உதவிக்கு வருகிறது: குழலின் சுவர் நீலமாக மாறினால் அயோடோஃபேனஸ், மாறாவிடில் கோப்ரோட்டஸ் என்று இரு குலங்கள் பிரிகின்றன; முன்னதன் பெயரிலேயே அயோடின் குடியிருக்கிறது. அஸ்கோபோலஸ் குலத்துக்கு வித்துதான் ஜாதகம். இளமையில் நிறமற்றிருந்து, பின் ஊதாவாகி, முதுமையில் பழுப்பாகும் அதன் மேலோட்டில் ஓடும் கோடுகளும் வெடிப்புகளும் மருக்களுமே இனத்தைக் காட்டிக் கொடுப்பவை. சாக்கோபோலஸோ எட்டு வித்துகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பதால், மூட்டை கட்டிய விதத்தையும் பார்க்க வேண்டும். தெலிபோலஸ் குலத்தில் எட்டு என்ற கணக்கே உடைந்து, ஒரு பையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வித்துகள் அடைந்து கிடக்கும் இனமும் உண்டு. வித்து முதிரும் முன்பே அவசரப்பட்டுப் பெயரிட்டவர்களின் பதிவுகள்தாம் பின்வந்தவர்களுக்கு மிகுந்த தொல்லை கொடுத்திருக்கின்றன.

பாரிஸ் நகரையடுத்த மோமொரான்சியில் மருந்துக்கடை நடத்திய எமில் பூதியே 1869-இல் இக்குலங்களைப் பற்றி எழுதிய ஆய்வும், டச்சுக்காரரான வான் புரும்மலன் 1967-இல் வெளியிட்ட உலகளாவிய விரிவுரையும் இல்லாவிட்டால், வித்துகளின் இந்த நுட்பங்களைச் சாமானியர் பின்தொடர்ந்திருக்க முடியாது. அடுத்த ஆண்டே, எடின்பரோவைச் சேர்ந்த ராய் வாட்லிங்கும் ரிச்சர்ட்சனும் சாணப் பூஞ்சைகளை இனங்காணும் வினாவிடைத் திறவுகோல்களைப் பிரிட்டிஷ் பூஞ்சையியல் சங்கத்தின் இதழில் வெளியிடத் தொடங்கினார்கள். 1997-இல் திருத்தப்பட்டுச் சிறு நூலாக வந்த அது, வாரவிடுமுறையில் புழுக்கை பொறுக்குகிறவருக்கும் கைவிளக்காயிற்று.

பெயர் கிடைத்தபின் பதிவு. எந்த இடம், எந்தப் பிராணி, பொறுக்கிய நாள், நனைத்த நாள், கிண்ணம் தோன்றிய நாள், வித்தின் நீள அகலம், சாட்சியாக உலர்த்தி வைத்த துண்டு: இவற்றில் பிராணியின் பெயர் விடுபட்டால் மற்றவை பாதி மதிப்பை இழக்கும். இடத்தைக் குறிக்க, வாட்சன் என்ற தாவரவியலார் 1852-இல் பிரிட்டனை 112 பகுதிகளாக வகுத்த பழைய எல்லைகளையே இன்றும் கையாளுகிறார்கள். அரசாங்கம் மாவட்ட எல்லையை எத்தனை முறை மாற்றினாலும் அந்தக் கோடுகள் அசையாததால், நூறாண்டுக்கு முந்தைய குறிப்பையும் நேற்றைய குறிப்பையும் ஒரே கட்டத்தில் வைத்து ஒப்பிடலாம். ஆனால் புள்ளிகளிட்டு முடித்த படத்தைப் பார்க்கும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். ஓர் ஊரைச் சுற்றிப் புள்ளிகள் மொய்த்திருந்தால், அங்கே காளான் மிகுதி என்பதைவிட, அந்த ஊரில் சூட்சுமதரிசினியும் ஓய்வும் உள்ள ஒருவர் வசித்தார் என்பதே பெரும்பாலும் உண்மை. வெறுமையாகக் கிடக்கும் கட்டத்திலும் முயல்கள் மேய்ந்துகொண்டுதான் இருக்கின்றன; குனிந்து பொறுக்க ஆள்தான் வரவில்லை.

ரிச்சர்ட்சன் தம் நாட்டோடு நிற்கவில்லை. ஐஸ்லாந்தின் குளிரிலும் மேற்கிந்தியத் தீவுகளின் வெயிலிலும் உலர்ந்த எரு மாதிரிகளிலிருந்து பூஞ்சைகளை எழுப்பி, எது எந்தப் பிராணியின் எருவில் தோன்றிற்று என்று பட்டியல் எழுதி வெளியிட்டார். அட்லாண்டிக்கின் இரு கோடிகளில் மேய்ந்த பிராணிகளின் எச்சம் ஈரத் தாளின்மேல் கிண்ணம் கிண்ணமாகத் திறந்து, அவை ஒவ்வொன்றும் வெளிச்சம் வரும் பக்கமாகவே தன் குழல்களைச் சாய்த்துக்கொண்டு நிற்கும்.