ஓய்வும் பயிற்சியே

2016 ஆகஸ்ட் 14. ரியோ ஒலிம்பிக்கின் பெண்கள் மாரத்தானில் 42.195 கிலோமீட்டரை ஓடி முடித்த கேரள வீராங்கனை ஓ.பி. ஜெய்ஷா, முடிவுக்கோட்டைத் தாண்டியதும் மயங்கி விழுந்தார். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 47 நிமிடம் 19 விநாடி. ஓராண்டுக்கு முன் பெய்ஜிங் உலகப் போட்டியில் 2 மணி 34 நிமிடம் 43 விநாடியில் ஓடித் தேசியச் சாதனை படைத்தவரும் அவரே. வெயிலில் போதிய குடிநீர் கிடைக்கவில்லை என்று அவர் பின்னர் கூறியது பெரும் விவாதத்தைக் கிளப்பியது. விவாதம் எவ்வாறாயினும், தேர்ந்த வீரரையும் வெப்பமும் நீரிழப்பும் வீழ்த்திவிடும் என்பது ஓடுவோர் அனைவருக்கும் பாடமாகும்.

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்திலிருந்து அம்பூரி மலைச்சாரல் வரை ரப்பர்த் தோட்டங்களூடே ஏறியிறங்கும் சாலைகள் ஓட்டப் பயிற்சிக்கு உகந்தவை. ஆயினும் இங்குள்ள காற்றில் ஈரப்பதம் மிகுதி. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். ஈரக்காற்றில் அது ஆவியாகாமல் வழிந்தோடுகிறது. எனவே அதிகாலையிலும் உடல் வெப்பம் விரைந்து உயரும்.

ஓட்டம் தசைகளைக் களைப்படையச் செய்கிறது. தசைநார்களில் நுண்ணிய சேதங்களை உண்டாக்குகிறது. அவற்றைச் சீர்செய்து உடலை முன்னிலும் வலிமையாக்குவது ஓய்வும் உறக்கமும் உணவுமே. இந்த வரவு செலவைக் கணக்கிட விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடு போதும்.

விடியற்கால நாடித்துடிப்பு: படுக்கையைவிட்டு எழுமுன் ஒரு நிமிடம் எண்ணிக் குறித்து வருக. இரண்டு வாரங்களில் உங்கள் இயல்பான அளவு தெரியவரும். அதைவிட 5 முதல் 10 துடிப்புகள் மிகுந்தால் களைப்போ, உறக்கக் குறைவோ, தொடங்கவிருக்கும் காய்ச்சலோ காரணமாகலாம். அன்று கடும்பயிற்சியைத் தவிர்க்கவும்.

உடல் எடை: ஓட்டத்திற்கு முன்னும் பின்னும் எடை பார்க்கவும். 60 கிலோ எடையுள்ளவர் 58.8 கிலோவாகத் திரும்பினால், ஏறத்தாழ 1.2 லிட்டர் நீரை இழந்துள்ளார். இது 2 விழுக்காடு. இதற்கு மேற்பட்ட இழப்பு, வெயில் வேளையில் ஓட்டத்திறனைக் குறைக்கும். உப்பிட்ட கஞ்சியும் நீர்மோரும் இழந்த நீரையும் உப்பையும் மீட்டுத் தரும்.

அளவுக்கு மீறி நீர் அருந்துவதும் ஆபத்தே. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடியபின் எடை கூடியிருந்தால் நீர் மிகுதியாயிற்று என்று பொருள். தாகத்தையே வழிகாட்டியாகக் கொள்வது நன்று.

சிறுநீரின் நிறம்: வெளிர்மஞ்சள் நல்லது. அடர்மஞ்சள் நீர்க்குறைவைக் காட்டும். கடும் ஓட்டத்திற்குப் பின் கட்டன்காப்பி நிறத்தில் வெளியேறினால், தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என ஐயுற்று உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இவ்வட்டாரத்தார் மறக்கலாகாத மற்றொன்று உண்டு. மழைக்காலச் சேற்றிலும் தேங்கிய நீரிலும் கால் நனைய ஓடுவோருக்கு எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும். காலில் சிராய்ப்பு இருப்பின் ஆபத்து மிகும். அந்நோயின் முக்கிய அறிகுறி கெண்டைக்கால் வலி! ஓட்டக்காரரோ அதைப் பயிற்சியின் வலி என்றே எண்ணிவிடுவார். பயிற்சி வலி இரண்டு மூன்று நாட்களில் தணியும். அதனால் காய்ச்சல் வராது. காய்ச்சலும் தலைவலியும் கண்சிவப்பும் சேர்ந்தால் வலிமாத்திரை விழுங்கிக் காத்திராமல், தண்ணீரில் ஓடியதையும் சொல்லி மருத்துவரைக் காண்க. சிலவகை வலிமாத்திரைகள் நீரிழந்த உடலில் சிறுநீரகத்திற்கு மேலும் கேடு செய்யும்.

காய்ச்சலோடு ஒருபோதும் ஓடலாகாது. கிருமித்தொற்று இதயத்தசையையும் பற்றக்கூடும். ஒரு வார ஓய்வால் ஓட்டத்திறன் பெரிதும் குறைந்துவிடாது. குறிப்பேடு நில் என்று சொல்லும் நாளில் நிற்பவரே, நெடுங்காலம் ஓடுகிறார்.