பாலும் முட்டையும் இல்லாத மதிய உணவுப் பெட்டி

பால், தயிர், முட்டை, இறைச்சி ஆகியவற்றை அறவே விலக்கிய உணவுமுறையை ‘வீகன்’ என்பர். இம்முறையிலும் பிள்ளைகள் நலமாக வளர இயலும். எனினும், பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் உணவில் மூன்று சத்துகளைப் பெற்றோர் கவனிக்க வேண்டுமென நாம் வலியுறுத்துகிறோம்.

முதலாவது, இரும்புச்சத்து. பயறு, கொண்டைக்கடலை, கீரை ஆகியவற்றிலுள்ள இரும்பை உடல் குறைவாகவே ஏற்கிறது. வைட்டமின் சி உடனிருப்பின் கூடுதலாக ஏற்கும். 2025இல் புவிசார் குறியீடு பெற்ற நம் புளியங்குடி எலுமிச்சை இதற்குக் கைகொடுக்கும். வெப்பம் வைட்டமின் சியை அழிக்குமாதலால், சுண்டல் ஆறிய பின்னரே சாறு பிழிய வேண்டும். உணவுடன் தேநீரும் காப்பியும் வேண்டா.

இரண்டாவது, கால்சியம். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. கேழ்வரகு அடையும் எள்ளுப்பொடியும் பெட்டிக்கு ஏற்றவை. எலுமிச்சைச் சோறு மட்டும் போதாது. புரதத்திற்காக வேர்க்கடலையோ சுண்டலோ உடன் வையுங்கள்.

மூன்றாவது, வைட்டமின் பி12. இதுவே மிக முக்கியமானது. தாவர உணவில் இது நம்பத்தக்க அளவில் இல்லை. புளித்த இட்லி மாவும் இக்குறையைத் தீர்க்காது. குறைபாடு நீடித்தால் இரத்தசோகை, நாக்குப்புண், கைகால் மரத்தல் தோன்றலாம். காலந்தாழ்ந்தால் நரம்புப் பாதிப்பு நிலைத்துவிடவும் கூடும். அறிகுறி தோன்றும்வரை காத்திராமல், குழந்தைநல மருத்துவரைக் கலந்து, வயதிற்கேற்ற அளவில் பி12 மருந்தை வழங்குங்கள். உணவுப் பெட்டியால் நிரப்ப இயலாத இடம் அது ஒன்றே.