இணையத்தில் ஆங்கிலம் - 7: அச்சகத்துப் பையன் கண்ட வழி

சென்ற வாரம் புதிய சொற்களைச் சேர்ப்பது பற்றிப் பார்த்தோம். இந்த வாரம் எழுத்துக்கு வருவோம்.

இணையத்தில் ஆங்கிலப் பயிற்சி தேடுபவர் கண்ணில் முதலில் படுபவை, நான்கு விடைகளில் ஒன்றைத் தொடச் சொல்லும் தேர்வுகள். அவற்றால் பயன் உண்டு. 2007இல் தொடங்கிய ஃபிரீரைஸ் தளத்தில் சொல்லுக்குச் சரியான பொருளைத் தொட்டால், பசித்தவர்களுக்கு உதவும் உலக உணவுத் திட்டத்தின் கணக்கில் அரிசி மணிகள் சேரும். நல்ல ஏற்பாடு. ஆனால் கண்முன் நிற்கும் சரியான விடையை அடையாளம் காண்பது ஒரு திறமை, வெறும் தாளில் வாக்கியத்தைப் பிறப்பிப்பது வேறு திறமை. அந்தத் தேர்வுகளில் முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளைகள்கூட நாலு வரி விண்ணப்பம் எழுதத் திணறுவது இதனால்தான்.

இரண்டாவது திறமைக்கு நான் அறிந்த சிறந்த பயிற்சி 300 ஆண்டுகள் பழையது. பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் பள்ளிப் படிப்பு பத்து வயதோடு நின்றுபோனது. பாஸ்டனில் அண்ணனின் அச்சகத்தில் தொழில் பழகிக்கொண்டிருந்தார். அவர் நண்பருக்கு எழுதிய கடிதங்களைப் படித்த தந்தை, எழுத்துப்பிழை இல்லை, ஆனால் நயமும் ஒழுங்கும் தெளிவும் போதாது என்றார். அந்தச் சமயத்தில் லண்டனின் ‘ஸ்பெக்டேட்டர்’ இதழ்த் தொகுதி ஒன்று கையில் கிடைத்தது. பிடித்த கட்டுரையில் ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சிறு குறிப்பாக எழுதிக்கொண்டார். சில நாள் கழித்து, மூலத்தைப் பார்க்காமல் குறிப்புகளிலிருந்து கட்டுரையைத் திரும்ப எழுதினார். பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுத் தன் பிழைகளைத் திருத்தினார். சில வேளை குறிப்புகளைக் கலைத்துப் போட்டுவிட்டு, வாரங்கள் கழித்து வரிசைப்படுத்துவார். கருத்துகளை ஒழுங்காக அடுக்க அது பழக்கியது. 1722இல், 16 வயதில், விதவைப் பெண்ணொருத்தி எழுதுவதுபோலப் புனைபெயரில் அண்ணனின் பத்திரிகைக்கு அவர் எழுதிய 14 கடிதங்கள் அச்சேறின. எழுதியது தம்பிதான் என்று அண்ணனுக்கு முதலில் தெரியவில்லை.

அவருக்கு ஒரு தொகுதி கிடைத்தது, நமக்கோ கடல்போலக் கிடக்கிறது. எளிய ஆங்கில விக்கிப்பீடியாவில் உங்களுக்குத் தெரிந்த பொருள் ஒன்றை எடுங்கள்: ரயில், தேனீ, கிரிக்கெட், எதுவானாலும் சரி. ஒரு பத்தி போதும். குறிப்பைத் தமிழில் எழுதுங்கள் என்பேன். ஆங்கிலத்தில் எழுதினால் மூலத்தின் சொற்களே ஒட்டிக்கொண்டு வந்துவிடும், உழைப்பு குறைந்துவிடும். மூன்று நாள் கழித்து அதை ஆங்கிலமாக்குங்கள். எழுதும்போது பிழைதிருத்தியை அணைத்து வைப்பது முக்கியம். பிழையை நீங்கள் காணும் முன்பே அது மாற்றிவிட்டால், கற்க எதுவும் மிஞ்சாது.

இப்போது மூலத்தைத் திறந்து இரண்டையும் அருகருகே வையுங்கள். தமிழில் இல்லாத ‘எ’, ‘தி’ நம் பிரதியில் பல இடங்களில் விடுபட்டிருக்கும். ‘பற்றி விவாதித்தோம்’ என்று நினைத்து எழுதியதால், ‘டிஸ்கஸ்’ என்பதற்குப் பின்னால் தேவையில்லாத ‘அபவுட்’ ஒன்று வந்து உட்கார்ந்திருக்கும். இலக்கணப் புத்தகம் எல்லோருக்குமான பிழைகளைச் சொல்கிறது. இந்த ஒப்பீடு உங்கள் பிழைகளை மட்டும் காட்டுகிறது. மூலத்திலிருந்து மாறியதெல்லாம் பிழையல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். சில சிறு இடங்களில் தன் எழுத்து மூலத்தைவிட நன்றாக அமைந்ததாக ஃபிராங்க்ளினுக்கே தோன்றியிருக்கிறது.

ஐயம் தீராத வாக்கியங்களை மட்டும் கடைசியில் பிழைதிருத்தியிடமோ செயற்கை நுண்ணறிவுச் செயலியிடமோ கொடுங்கள். திருத்தித் தரச் சொல்லாமல், ஏன் தவறு என்று கேளுங்கள். கிடைத்த விளக்கத்தைத் தனி நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த வாரம் அந்த நோட்டிலிருந்து ‘எ’, ‘தி’ சிக்கலை எடுத்துக்கொள்வோம்.

(தொடரும்)