செம்மூக்குப் பனிமான்

பொம்மலாட்டம் நமக்குப் புதியதன்று. நூலைப் பிடித்தவர் திரைக்குப் பின்னால் நிற்பார். பொம்மை முன்னால் ஆடும். நூலுமின்றி, ஆட்டுவிப்பவருமின்றிப் பொம்மை தானே நடந்தால்? அவ்வாறு நடந்த ஒரு பனிமானைப் பற்றியதே இக்கட்டுரை.

'செம்மூக்கு மான் ருடால்ஃப்' என்னும் கிறிஸ்துமஸ் படம் 1964ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் முதன்முதலாக ஒளிபரப்பாயிற்று. அன்று முதல் ஆண்டு தவறாமல் காட்டப்பட்டு வருகிறது. அன்று அதனைக் கண்ட பிள்ளைகள் இன்று பேரன் பேத்திகளை மடியில் அமர்த்திக்கொண்டு காண்கிறார்கள். விடுதி நண்பர் ஒருவரின் மடிக்கணினியில் நானும் கண்டேன்.

கதை எளியது. ஒளிவீசும் சிவந்த மூக்குடன் ஒரு மான்குட்டி பிறக்கிறது. கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டியை இழுக்கும் மான் கூட்டம் அதைக் கேலி செய்து ஒதுக்குகிறது. பொம்மை செய்யும் குள்ளர் குலத்தில் பிறந்தும் பல் மருத்துவனாக ஆசைப்படும் ஹெர்மி அதற்குத் துணையாகிறான். ஓடிப்போகும் வழியில், யாரும் விரும்பாத பொம்மைகள் வாழும் தீவொன்றை அடைகிறார்கள். அங்கே சதுரச் சக்கரம் பூண்ட ரயில் வண்டியும், பறக்கத் தெரியாமல் நீந்தும் பறவையும், உடலெல்லாம் புள்ளியுள்ள யானையும் இருக்கின்றன. முடிவில் பெரும் பனிப்புயல் வீச, ருடால்ஃபின் மூக்கொளியே வண்டிக்கு வழிகாட்டுகிறது. (இயற்பியல் மாணவன் என்பதால் ஒன்று சொல்லியாக வேண்டும். பனியிலும் மூடுபனியிலும் உள்ள துகள்கள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பன்மடங்கு பெரியவை. ஆகவே அங்கே சிவப்புக்குத் தனிச் சலுகை கிடையாது. மானுக்கு இது தெரியாததே நல்லது!)

இந்த மானைப் படைத்தவர் ராபர்ட் மே. சிகாகோவில் மாண்ட்கோமரி வார்ட் என்னும் வணிக நிறுவனத்தில் விளம்பரம் எழுதும் ஊழியர். கடைக்கு வரும் குழந்தைகளுக்கு இலவசமாகக் கொடுக்க 1939இல் இக்கதையை எழுதினார். அவர் மனைவி புற்றுநோயால் இறந்ததும் அதே ஆண்டில்தான். பின்னர் அவருடைய மைத்துனர் ஜானி மார்க்ஸ் இதனைப் பாட்டாக்கினார். 1949இல் ஜீன் ஆட்ரி பாடிய அப்பாட்டு நாடெங்கும் பரவிற்று.

படத்தைத் தயாரித்தவர்கள் ஆர்தர் ராங்கின், ஜூல்ஸ் பாஸ் என்னும் அமெரிக்கர்கள். குரல்கள் பதிவானது கனடாவின் டொராண்டோவில். பொம்மைகள் அசைந்ததோ டோக்கியோவில்! தடாஹிட்டோ மோச்சினாகா என்னும் ஜப்பானியக் கலைஞரின் கூடத்தில் அவ்வேலை நடந்தது. மானின் நடையை அறிய அவர் தம் குழுவினருடன் நாரா நகரின் மான் பூங்காவுக்கே சென்றாராம்.

முறை இதுதான். மரம், கம்பி, துணி ஆகியவற்றால் செய்த பொம்மையை நிறுத்தி ஒரு படம் எடுப்பார்கள். காலை நூலளவு நகர்த்தி அடுத்த படம். திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடும்போது, இடைவெளிகளை நம் கண்ணும் மூளையும் சேர்ந்து நிரப்பிக்கொள்கின்றன. பொம்மை நடப்பதாக நம்புகிறோம். படம் ஏறத்தாழ 50 நிமிடம். கணக்கிட்டால் 72,000 படங்கள்! ஒவ்வொரு நிலையையும் இருமுறை பதிவு செய்தால்கூட 36,000 நிலைகள். என் தந்தையார் கைத்தறி நெய்பவர். நாடா ஒருமுறை ஓடினால் ஓர் இழை சேரும். ஒரு புடவைக்கு எத்தனை ஆயிரம் இழை! அந்தக் கூடத்தில் குனிந்து நின்றவர்களின் முதுகு எப்படி வலித்திருக்கும் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. அப்பொம்மைகளுள் ருடால்ஃபும் தாத்தாவும் 2020இல் 3,68,000 டாலருக்கு ஏலம் போயின. அசைத்த கைகளுக்குரியவர்களின் பெயரைக் கேட்டால் சொல்வோர் மிகச் சிலரே.

கதையில் எனக்கொரு குறையுண்டு. ருடால்ஃப் ஆபத்துகளைத் தாண்டி மீண்ட பிறகே கூட்டத்தார் மன்னிப்புக் கேட்கிறார்கள். புயல் வந்த பிறகே வண்டியின் முன்னிடம் கிடைக்கிறது. புயலே வீசாதிருந்தால்? எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "இதைப் படித்து என்ன வேலைக்குப் போவாய்?" என்று ஊரில் கேட்காதவர் இல்லை. அதனாலேயே இக்கேள்வி என்னை உறுத்துகிறது.

இதற்கு விடை சொன்னவர்கள் படத்தைக் கண்டவர்களே! முதல் ஒளிபரப்பில், தீவிலுள்ள பொம்மைகளுக்கு வீடு தேடித் தருவதாகத் தாத்தா வாக்களிப்பார். ஆனால் அவற்றை அழைத்துச் செல்லும் காட்சி இல்லை. "அந்தப் பொம்மைகள் என்னவாயின?" என்று கேட்டுக் கடிதங்கள் வந்தன. அவற்றால் யாருக்கும் ஒரு பயனுமில்லை. புயலில் வழிகாட்ட அவற்றுக்கு ஒளிமூக்கும் இல்லை. ஆயினும் விட்டுவிடக்கூடாது என்றனர். 1965இல் புதிய காட்சி சேர்ந்தது. வண்டி தீவில் இறங்குகிறது. சக்கரம் சதுரமாக இருக்கும்போதே ரயில் ஏறிக்கொள்கிறது.

அதற்கு நேரம் ஒதுக்க வேறொரு காட்சியை வெட்டினார்கள். படத்தில் தங்கம் தேடும் ஒருவர் அடிக்கடி தம் கோடரியை நக்கிப் பார்ப்பார். அவர் உண்மையில் தேடுவது பெப்பர்மின்ட் மிட்டாய்ச் சுரங்கம் என்பது அந்த வெட்டுண்ட காட்சியில் இருந்தது. காரணம் தெரியாமலே பல ஆண்டுகள் பிள்ளைகள் அவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள்.