வறண்ட வெயிலில் வியர்வை ஏன் தெரிவதில்லை?

சித்தூர் மாவட்டத்தின் ராமகுப்பம், கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேல் உள்ள வறண்ட மேட்டுநிலம். கோடையில் இங்கே முதுகில் பையுடன் நாள் முழுக்க நடப்பவரின் சட்டை அதிகம் நனைவதில்லை. சென்னையில் சிறிது தூரம் நடந்தாலே சட்டை உடலோடு ஒட்டிக்கொள்கிறது. ஏன்?

வியர்வை வழிவதால் உடல் குளிர்வதில்லை. அது ஆவியாகும்போதுதான் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாக, தோலிலிருந்து சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. கடலோரக் காற்றில் ஈரப்பதம் மிகுதி. அதனால் வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. வறண்ட காற்றோ அதைச் சுரந்த உடனேயே உறிஞ்சிவிடுகிறது.

ஆபத்தும் இங்கேதான். வியர்வை கண்ணில் படாததால், நீர் இழப்பதையே நாம் உணர்வதில்லை. வெயிலில் சுமையோடு நடப்பவர் மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட இழக்கலாம். உடல் எடையில் 2 சதவீத நீர் குறைந்தாலே களைப்பு கூடும். இதயம் வேகமாகத் துடிக்கும்.

வியர்வையோடு உப்பும் வெளியேறுகிறது. வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால், ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம் வரலாம். உப்பிட்ட நீர்மோர் நீர், உப்பு இரண்டையும் ஈடுசெய்கிறது.

புரட்டாசியில் திருமலைக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கும் இது பொருந்தும். அதிகாலையில் கிளம்புங்கள், உச்சிவெயிலில் நிழலில் தங்குங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் உடலுக்கு நீர் போதவில்லை. உடன் வருபவர் தடுமாறினாலோ உளறினாலோ, உடனே நிழலில் படுக்கவைத்து, உடலை நனைத்து விசிறி, 108-ஐ அழையுங்கள்.