மசில் கார் அளவு மாதிரிகள்

மசில் கார் அளவு மாதிரி என்பது, 1960களிலும் 1970களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் விற்பனையான, ஆற்றல் மிகுந்த எஞ்சின் கொண்ட கார்களைக் குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கி உருவாக்கும் சிறிய உருவம் ஆகும். பெரும்பாலும் இவை பிளாஸ்டிக் பாகங்கள் அடங்கிய கிட் பெட்டியாகக் கிடைக்கின்றன. வாங்குபவரே பாகங்களை வெட்டி, தேய்த்து, வண்ணம் பூசி, ஒட்டி முடிக்க வேண்டும். விளையாட்டுக் காருக்கும் அளவு மாதிரிக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு விகிதம்தான். விளையாட்டுக் காரில் சக்கரம் பெரிதாகவோ கதவு தடிமனாகவோ இருக்கலாம். அளவு மாதிரியில் நீளம், அகலம், உயரம் மட்டுமன்றிக் கம்பியின் பருமனும் வண்ணப்பூச்சின் தடிமனும்கூட ஒரே விகிதத்தில் சுருங்க வேண்டும்.

மசில் கார்

நடுத்தர அளவுள்ள, இரண்டு கதவு கொண்ட, அதிக விலையில்லாத காரில் பெரிய வி8 எஞ்சினைப் பொருத்தி விற்பதே மசில் காரின் அடிப்படை. வி8 என்பது எட்டு சிலிண்டர்கள் இரண்டு வரிசையாக ‘வி’ வடிவில் அமைந்த எஞ்சின். 1964ஆம் ஆண்டு மாடலாக வந்த பான்டியாக் ஜிடிஓ இவ்வகைக்கு வழிகாட்டியாகக் கருதப்படுகிறது. அதில் 389 கன அங்குல (சுமார் 6.4 லிட்டர்) எஞ்சின் இருந்தது. அடிப்படை வடிவிலேயே அது 325 குதிரைத்திறன் தந்தது. இதனைத் தொடர்ந்து டாட்ஜ் சார்ஜர், பிளிமத் ரோடு ரன்னர், செவ்ரோலே செவெல் எஸ்எஸ் போன்றவை வந்தன. ஃபோர்டு மஸ்டாங், செவ்ரோலே கமேரோ ஆகியவை உடலளவில் சிறியவை என்றாலும், அவற்றின் பெரிய எஞ்சின் வடிவங்களும் இதே வரிசையில் வைத்துப் பேசப்படுகின்றன.

1970களின் தொடக்கத்தில் இக்கார்களின் காலம் முடிந்தது. காப்பீட்டுக் கட்டணம் உயர்ந்தது, 1970இல் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம் கடுமையாக்கப்பட்டது, 1973இல் எண்ணெய் நெருக்கடி ஏற்பட்டது ஆகியவை இதற்கு முதன்மைக் காரணங்கள்.

மாதிரிகளின் வரலாறு

கார் மாதிரிகள் முதலில் பொழுதுபோக்குப் பொருளாக வரவில்லை. 1940களின் இறுதியிலும் 1950களிலும் அமெரிக்கக் கார் விற்பனையாளர்கள் புதிய மாடல்களை விளம்பரப்படுத்த, 1:25 விகிதத்தில் முழுமையாகப் பொருத்தப்பட்ட சிறு கார்களை வாடிக்கையாளர்களுக்கு அளித்தனர். 1948இல் தொடங்கிய ஏஎம்டி நிறுவனம் இத்துறையில் முன்னணியில் இருந்தது. தொடக்ககால மாதிரிகள் செல்லுலோஸ் அசிட்டேட்டால் செய்யப்பட்டன. அப்பொருள் நாளடைவில் சுருங்கி வளைந்தது. அதனால் வடிவம் மாறாத பாலிஸ்டைரின் பிளாஸ்டிக் அதன் இடத்தைப் பிடித்தது.

1958இல் ஏஎம்டி அதே அச்சுகளைப் பயன்படுத்தி, பாகங்களாகப் பிரித்த கிட்களை வெளியிட்டது. ஒரே பெட்டியிலுள்ள பாகங்களைக் கொண்டு மூன்று விதமாகச் செய்யலாம் என்பதால் அவை ‘மூன்றில் ஒன்று’ கிட்கள் எனப்பட்டன. எம்பிசி, ஜோ-ஹான், ரெவெல் முதலிய நிறுவனங்களும் 1:25இல் கிட்கள் வெளியிட்டன. மோனோகிராம் நிறுவனமும் ஜப்பானின் தமியா நிறுவனமும் 1:24 விகிதத்தைப் பெரிதும் பயன்படுத்தின.

மாதிரி செய்வது ஒரு கல்விமுறையாகவும் இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஃபிஷர் பாடி பிரிவு, 1930 முதல் 1968 வரை இளைஞர்களுக்கான மாதிரி செய்யும் போட்டியை நடத்தியது. பிற்காலத்தில் போட்டியாளர்கள் தாமே வடிவமைத்த காரை 1:12 விகிதத்தில் கையால் செய்து அனுப்பினர். வென்றவர்களுக்குக் கல்வி உதவித்தொகை கிடைத்தது. அவர்களில் பலர் பின்னர் கார் வடிவமைப்பாளர்களாயினர்.

விகிதமும் தடிமனும்

1:25 என்றால் உண்மைக் காரின் 25 மில்லிமீட்டர் மாதிரியில் 1 மில்லிமீட்டர் ஆகும். சில எடுத்துக்காட்டுகள்:

1969 டாட்ஜ் சார்ஜரின் நீளம்: சுமார் 5.28 மீட்டர்; மாதிரியில் 21.1 செ.மீ.
14 அங்குல ரிம்: 356 மி.மீ.; மாதிரியில் 14.2 மி.மீ.
கதவு இடைவெளி: சுமார் 5 மி.மீ.; மாதிரியில் 0.2 மி.மீ.
ஸ்பார்க் பிளக் வயர்: 7 முதல் 8 மி.மீ.; மாதிரியில் சுமார் 0.3 மி.மீ.
வண்ணப்பூச்சு: சுமார் 0.1 மி.மீ.; மாதிரியில் 0.004 மி.மீ.

கடைசி அளவைக் கையால் எட்ட இயலாது. மாதிரியில் 0.05 மி.மீ. தடிமனுக்குப் பெயிண்ட் பூசினால், அது உண்மைக் காரில் 1.25 மி.மீ. தடிமனுக்குச் சமம். இதனால்தான் தடித்த பூச்சு கதவுக் கோடுகளையும் பெயர்ப் பட்டைகளையும் மூடிவிடுகிறது. மாதிரி பொம்மைபோலத் தோன்றுவதற்கும் இதுவே பொதுவான காரணம். பாகங்கள் எத்தனை என்பதைவிட, அவை எவ்வளவு மெல்லியதாகத் தெரிகின்றன என்பதே கண்ணுக்கு அளவை உணர்த்துகிறது. மாதிரிக்கு நுண்விவரம் சேர்க்கும் வேலைகளில் பெரும்பகுதி இந்தத் தடிமனைக் குறைக்கும் முயற்சியே.

உருவாக்கும் முறை

1. சான்று திரட்டல்: எந்த ஆண்டின் கார், எந்த எஞ்சின், எந்த நிறம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஒரே பெயருடைய காரில் ஆண்டுக்கு ஆண்டு கிரில், விளக்கு, இருக்கைத் துணி ஆகியவை மாறின. பழைய விளம்பரச் சிற்றேடுகளும் தொழிற்சாலை நிலையில் உள்ள கார்களின் படங்களும் நல்ல சான்றுகள். மாற்றி அமைக்கப்பட்ட கார்களின் படங்களை நம்பினால் தவறு நேரும்.

2. கழுவுதல்: அச்சிலிருந்து பாகம் எளிதாகக் கழன்று வரப் பூசிய எண்ணெய்ப் பசை பிளாஸ்டிக்கில் தங்கியிருக்கும். சோப்பு நீரில் கழுவாவிட்டால் பெயிண்ட் பிடிக்காது.

3. வெட்டுதலும் தேய்த்தலும்: பாகங்களைச் சட்டத்திலிருந்து திருகி எடுக்காமல், கட்டரால் சற்றுத் தள்ளி வெட்டி, எஞ்சியதைக் கத்தியாலும் உப்புத்தாளாலும் நீக்க வேண்டும். அச்சின் இரு பகுதிகள் சேருமிடத்தில் மெல்லிய மேடு இருக்கும். காரின் மூலைகளில் ஓடும் இந்த மேட்டை நீக்காமல் விடுவது புதியவர்களிடம் அதிகம் காணப்படும் குறை.

4. கோடுகளை ஆழப்படுத்தல்: கதவு, பானட், டிக்கி ஆகியவற்றின் கோடுகளைப் பெயிண்ட் பூசும் முன்பே கூரிய ஊசியாலோ கத்தியின் பின்முனையாலோ மெதுவாகக் கீறி ஆழப்படுத்த வேண்டும்.

5. வெள்ளோட்டப் பொருத்தம்: பசையின்றி, டேப் கொண்டு அடிச்சட்டம், எஞ்சின், சக்கரம், உடல் ஆகியவற்றைப் பொருத்திப் பார்க்க வேண்டும். கார் நிற்கும் உயரமும் சக்கரம் வளைவின் நடுவில் அமைவதும் இங்கேயே சரிசெய்யப்படும்.

6. ஒட்டுதல்: பாலிஸ்டைரினுக்கான பசை பிளாஸ்டிக்கைச் சிறிது கரைத்து இரு பாகங்களையும் ஒன்றாக்குகிறது. எனவே பெயிண்ட் அல்லது குரோம் பூச்சு உள்ள இடத்தில் அது பிடிக்காது. அவ்விடத்தைச் சுரண்டிய பின்பே ஒட்ட வேண்டும். கண்ணாடிப் பாகங்களுக்கு உடனடிப் பசை கூடாது. அதன் ஆவி கண்ணாடியில் வெண்படலமாகப் படியும். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை இதற்கு ஏற்றது.

வண்ணம் பூசுதல்

பெயிண்ட் வேலையின் வரிசை, டிங்கரிங் பட்டறைகளில் உண்மைக் காருக்குச் செய்யும் வரிசையே: பள்ளங்களுக்குப் பட்டி, பிறகு பிரைமர், வாட்டர் பேப்பர், வண்ணம், கிளியர் கோட், பாலிஷ். மஞ்சள், சிவப்பு போன்ற நிறங்களுக்கு அடியில் வெள்ளைப் பிரைமர் வேண்டும். சாம்பல் பிரைமர் அந்நிறங்களை மங்கச் செய்யும். முதலில் தூவல்போல மெல்லிய பூச்சுகள் இரண்டு கொடுத்து, காய்ந்தபின் சற்று ஈரமான பூச்சு கொடுப்பது வழக்கம்.

ஈரப்பதம் இவ்வேலைக்குப் பெரிய தடை. லேக்கர் வகைப் பெயிண்டில் உள்ள தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து, பளபளப்புக்குப் பதில் வெண்மூட்டம் உண்டாகும். ஓரிக்கை, உத்திரமேரூர் உள்ளிட்ட காஞ்சிபுரம் வட்டாரத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இச்சிக்கலை எதிர்பார்க்கலாம். மழை இல்லாத நாளில் முற்பகல் வெயில் ஏறிய பின் பூசுவது, மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கலப்பது, மெல்லிய பூச்சுகளாகப் பிரித்துப் பூசுவது ஆகியவை இதற்கு வழிகள். கோடையில் இதற்கு நேர்மாறான சிக்கல் வரும். பெயிண்ட் துளி காற்றிலேயே காய்ந்து, பரப்பு சொரசொரப்பாகும்.

தின்னர் ஆவி உடலுக்குக் கேடு விளைவிக்கும், தீப்பற்றக்கூடியது. காற்றோட்டமுள்ள இடத்தில், கரி வடிகட்டி உள்ள முகக்கவசம் அணிந்து, அடுப்பிலிருந்தும் விளக்கிலிருந்தும் விலகியே பூச வேண்டும். துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது.

நுண்விவரங்கள்

எஞ்சின்: பானட்டைத் திறந்தால் முதலில் தெரிவது எஞ்சினின் நிறம். செவ்ரோலே எஞ்சின்களும் கிரைஸ்லரின் 426 ஹெமி எஞ்சினும் ஆரஞ்சு நிறம் கொண்டவை. 1966 முதல் ஃபோர்டு எஞ்சின்களுக்கு நீலம் பூசப்பட்டது. எனவே மஸ்டாங்கில் ஆரஞ்சு எஞ்சின் வைத்தால் விவரம் அறிந்தவர் உடனே கண்டுகொள்வார்.

வயர்கள்: ஸ்பார்க் பிளக் வயர்களுக்கு மோட்டார் வைண்டிங் கடைகளில் கிடைக்கும் 30 கேஜ் செப்புக் கம்பி பொருந்தும். அதன் பருமன் சுமார் 0.3 மி.மீ. என்பதால், கறுப்பு வண்ணம் பூசினால் விகிதம் சரியாக அமையும். செவ்ரோலே, கிரைஸ்லர் வி8 எஞ்சின்களின் தீப்பொறி வரிசை 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படை சிலிண்டர்கள் ஓட்டுநர் பக்கமாகிய இடப்புறத்திலும், இரட்டைப்படை வலப்புறத்திலும் உள்ளன. இவ்வரிசைப்படி டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து வயர் இழுத்தால், மாதிரி எஞ்சின் இயங்கும் விதத்தையும் சொல்லித்தரும்.

குரோம்: கண்ணாடிச் சட்டங்களுக்கு வெள்ளிப் பெயிண்டைவிட, பசையுள்ள மிக மெல்லிய உலோகத் தாள் உண்மையாகத் தோன்றும். தாளை ஒட்டி, பற்குச்சியால் அழுத்தி, புதிய பிளேடால் ஓரம் வெட்ட வேண்டும். கிட்டில் வரும் குரோம் பாகங்களின் இடுக்குகளில் நீர்த்த கறுப்பு வண்ணத்தை ஓடவிட்டால் கிரில்லின் ஆழம் தெரியும்.

உட்புறம்: தரை விரிப்புக்கு வெல்வெட் தூளைப் பசைமேல் தூவலாம். அமெரிக்கக் கார்களில் ஸ்டியரிங் இடப்புறம் இருக்கும். இந்திய வழக்கப்படி மாற்றக் கூடாது.

பராமரிப்பு

பாலிஸ்டைரின் சுமார் 100 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கும். மெல்லிய பாகங்கள் அதற்குக் குறைந்த வெப்பத்திலேயே வளையக்கூடும். எனவே நேரடி வெயில் படும் அலமாரியும் வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் உட்புறமும் ஏற்றவையல்ல. சில கிட்களில் வரும் வினைல் டயர்களிலுள்ள மென்மையாக்கி, ஆண்டுக்கணக்கில் தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரினைக் கரைத்துவிடும். இதனால் பழைய பெட்டிகளில் டயர் பட்ட இடத்தில் உருகிய தடம் காணப்படும். டயர்களைத் தனிப் பையில் வைப்பதும், ரிம்மில் பெயிண்ட் பூசிய பின்பே டயரை மாட்டுவதும் பாதுகாப்பு.

இந்திய வண்டிகள்: கான்டெஸா

இந்தியாவில் ‘நம்ம ஊர் மசில் கார்’ எனப் பலரும் அழைப்பது இந்துஸ்தான் கான்டெஸா. இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் பிரிட்டனின் வாக்ஸ்ஹால் காரை அடிப்படையாகக் கொண்டு, 1984 முதல் 2002 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இதனைத் தயாரித்தது. இதற்கு நான்கு கதவுகள். தொடக்கத்தில் பொருத்தப்பட்ட 1.5 லிட்டர் எஞ்சின் சுமார் 50 குதிரைத்திறனே தந்தது, பின்னர் 1.8 லிட்டர் இசுசு எஞ்சின் வந்தது. ஆகவே மசில் கார் என்ற பெயர் எஞ்சினால் வந்ததன்று. நீண்ட பானட், தட்டையான முகப்பு, பின்சக்கர இயக்கம் ஆகியவற்றால் வந்தது.

அமெரிக்கக் கார் ஒன்றைச் செய்பவருக்குக் கிட், சிற்றேடு, உதிரிப் பாகம் எல்லாம் கிடைக்கும். கான்டெஸா போன்ற இந்திய வண்டியைச் செய்பவர் பெரும்பாலும் எல்லாவற்றையும் தாமே தொடங்க வேண்டும். இதற்கு எளிய முறை ஒன்று உண்டு. காரை நேர் பக்கவாட்டில், இயன்றவரை தொலைவில் நின்று, ஜூம் செய்து படம் எடுக்க வேண்டும். அருகில் நின்றால் உருவம் திரிந்து தெரியும். கான்டெஸாவின் முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம் 2,667 மி.மீ. படத்தில் அத்தூரம் 111 மி.மீ. வரும்படி அச்சிட்டால், அது 1:24 விகிதப் பக்கத் தோற்றமாகிவிடும். இதேபோல முன், பின் தோற்றங்களையும் டேப்பால் எடுத்த அளவுகளைக் கொண்டு சரிசெய்யலாம். இத்தாள்களை வார்ப்புருவாக வைத்து மரக்கட்டையில் உடலைச் செதுக்கலாம். பாலிஸ்டைரின் தாள்களை அடுக்கி ஒட்டியும் செய்யலாம். முப்பரிமாண அச்சுக்கும் இவ்வளவுகளே அடிப்படை.

உற்பத்தி நின்ற கார்கள் ஆண்டுதோறும் பழைய இரும்புக் கடைக்குச் சென்றுகொண்டிருக்கின்றன. இன்னும் ஓடும் வண்டியிலிருந்து எடுத்த அளவுகளும், கைப்பிடி, கிரில், டாஷ்போர்டு ஆகியவற்றின் படங்களும் மாதிரிக்கு மட்டுமன்றிப் பின்னாளில் அக்காரைச் சீரமைப்பவருக்கும் ஆவணமாகும். எனவே அளவெடுக்கும் மாணவர் தேதி, வண்டியின் தயாரிப்பு ஆண்டு, பிற்கால மாற்றங்கள் ஆகியவற்றையும் குறித்து வைப்பது பயன் தரும்.